சாபம் யாரைக் காப்பாற்றுகிறது?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் குடும்பத்தோடு கூடியிருந்த கூட்டத்தில் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரையின் வாசகம்.)



வழக்கமாக இந்த மேடையில் ஏறினால் போனஸைப் பற்றிப் பேசுவோம். பஞ்சப்படியைப் பற்றிப் பேசுவோம். நடவுக் கூலியைப் பற்றிப் பேசுவோம். இன்று வீட்டுக்குள் இருக்கும் ஒரு விஷயத்தைப் பேச வந்திருக்கிறோம். ஊனத்தோடு பிறக்கும் குழந்தைகளைப் பற்றியும், அந்தக் குழந்தைகளைப் பற்றி நாம் நம்பிக்கொண்டிருப்பதைப் பற்றியும் பேசப் போகிறோம். "இது குடும்ப விஷயமாயிற்றே, சங்கத்துக்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் நினைக்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அதனால் ஒரு குழந்தையின் வாழ்க்கையில் இரண்டரை வருஷம் வீணாயிற்று. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நடந்தது என்ன?

2019 டிசம்பர் 26ந் தேதி சூரிய கிரகணம் வந்தது பலருக்கு நினைவிருக்கும். கோவை, ஈரோடு, திண்டுக்கல், திருச்சிப் பக்கங்களில் காலை ஒன்பதரை மணிக்குச் சூரியன் நெருப்பு வளையம் போலத் தெரிந்தது. நூற்பாலையில் வேலை செய்யும் நமது தோழர் ஒருவரின் மனைவி அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. அன்றும் களையெடுப்புக்குப் போனார். போகாவிட்டால் அன்றைய கூலி யார் கொடுப்பது?

பிப்ரவரி மாதம் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு பாதங்களும் உள்பக்கமாக மடங்கியிருந்தன. சர்க்கார் ஆஸ்பத்திரி நர்ஸம்மா தைரியம் சொன்னார். "இதைச் சரிசெய்யலாம். வாராவாரம் கொண்டு வாருங்கள், மாவுக்கட்டுப் போடுவார்கள்" என்று சீட்டும் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு வீட்டுக்கு வந்து துணிப்பெட்டிக்கு அடியில் போயிற்று. "கிரகணத்தன்று வெளியே போகாதே என்று எத்தனை தடவை சொன்னேன்? இப்போது பார்!" என்று மாமியார் சொன்னார். அதோடு வழக்கு முடிந்துவிட்டது. சாட்சி இல்லை, விசாரணை இல்லை, தாய்தான் குற்றவாளி.

மார்ச் மாதம் ஊரடங்கு வந்தது. பஸ் இல்லை, உண்மைதான். ஆனால் பஸ் ஓட ஆரம்பித்த பிறகும் அந்தக் குழந்தை ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. கோடாங்கியிடம் போயிற்று. தாயத்து, பரிகாரம், கிடா வெட்டு என்று பணம் போயிற்று. கையில் ஏது பணம்? வட்டிக்கு வாங்கினார்கள். நைட் ஷிப்டு பார்த்த கூலி வட்டிக்காரனுக்குப் போயிற்று. விசேஷ வீடுகளுக்குக் குழந்தையைத் தூக்கிப் போகவில்லை. "சகுனம் சரியில்லை" என்றார்கள். கடைசியில் தாயையும் குழந்தையையும் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இவ்வளவும் எங்களுக்குத் தெரியும், தோழர்களே! அந்தத் தோழர் மாதாமாதம் சந்தா கட்ட வருவார். வாசலில் நின்று ஆலை விஷயம் பேசுவோம். "குழந்தை எப்படி இருக்கிறது?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். இது எங்கள் தவறு. இந்தக் கூட்டத்தில் பகிரங்கமாக ஒப்புக்கொள்கிறோம்.

2022ம் ஆண்டு கடைசியில் அந்தத் தாயே துணிப்பெட்டியிலிருந்து சீட்டை எடுத்துக்கொண்டு, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு சங்க ஆபீசுக்கு வந்தார். "இது என்ன சீட்டு, அண்ணே, படித்துச் சொல்லுங்கள்" என்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்த எவரும் அவருக்குப் படித்துக் காட்டவில்லை. மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் கோபிக்கவில்லை. "பிறந்த சில வாரத்துக்குள் வந்திருந்தால் ஐந்தாறு மாவுக்கட்டிலும் குதிகால் நரம்பில் சின்ன வெட்டிலும் முடிந்திருக்கும், எலும்பு இளசாக இருக்கும்போது மாவைப்போல வளையும். இப்போது கட்டு அதிகம் வேண்டும், ஆபரேஷனும் வேண்டும்" என்றார். அவ்வளவும் ஆயிற்று. இரவில் பட்டை போட்ட விசேஷ பூட்ஸும் மாட்டிக்கொண்டு தூங்கிற்று அந்தக் குழந்தை. இன்று பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிறது. ஒரு பாதம் கொஞ்சம் விறைப்புத்தான். அந்த விறைப்பு கிரகணம் கொடுத்ததல்ல; நாம் காத்திருந்த இரண்டரை வருஷம் கொடுத்தது.

கிரகணம் பாதத்தை வளைக்குமா?

நம்பிக்கையைக் கேலி செய்ய நாம் வரவில்லை. கணக்குப் பார்க்கத்தான் கேட்கிறோம். கூலிக் கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தால் விடுகிறோமா? இதையும் அப்படியே பார்ப்போம்.

கிரகணம் வந்தபோது அந்தத் தாய்க்கு ஏழாம் மாதம். பாதம் வளைவது அதற்கு முன்பே நடந்துவிடுகிற காரியம். ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே பெரும்பாலும் பார்த்துவிடலாம். கிரகணத்தன்று காய் நறுக்கினால் குழந்தையின் உதடு பிளக்கும் என்று சொல்கிறார்கள். குழந்தையின் மேல் உதடு கருத்தரித்த ஏழாவது வாரத்துக்குள் இரு பக்கமும் வந்து கூடி முடிந்துவிடுகிறது. பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பமென்று அப்போதுதான் நிச்சயமாகத் தெரியும். ஆறாம் மாதத்தில் அரிவாள்மணையைத் தொட்டதற்காக, கூடி முடிந்த உதடு மறுபடி பிளக்குமா?

இன்னொன்று. அன்று தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான கர்ப்பிணிகள் இருந்தார்கள். எல்லோர் தலைமேலும் ஒரே கிரகணம். ஆனால் உலகம் முழுவதும் ஏறத்தாழ 700 குழந்தைக்கு ஒன்று உதடோ அண்ணமோ பிளந்து பிறக்கிறது. ஆயிரம் குழந்தைக்கு ஒன்று பாதம் வளைந்து பிறக்கிறது. கிரகணம் தெரிந்த வருஷத்திலும் அப்படி. தெரியாத வருஷத்திலும் அப்படி. கிரகணத்தை நம்பாத நாட்டிலும் அப்படித்தான்.

அதே 2019 டிசம்பர் 26ந் தேதி கர்நாடகத்தில் கலபுரகி பக்கத்துக் கிராமத்தில் என்ன நடந்தது? ஊனமுற்ற குழந்தைகளைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து நிற்கவைத்தார்கள். கிரகண நேரத்தில் புதைத்தால் கைகால் சரியாகும் என்று அங்கே நம்பிக்கை. குழந்தைகள் அழுதன. பத்திரிகைகளில் படம் வந்தது. அந்தப் பெற்றோர்கள் அரக்கர்களா? இல்லை, தோழர்களே! பிள்ளைமீது உயிரையே வைத்திருப்பவர்கள். வேறு வழி காட்ட ஆளில்லாததால் மண்ணைத் தோண்டினார்கள். ஒரே கிரகணம், ஓர் ஊரில் ஊனத்தைக் கொடுக்கிறது, இன்னோர் ஊரில் ஊனத்தைத் தீர்க்கிறது என்றால், இரண்டில் எதை நம்புவது?

சொட்டு மருந்துக்குப் பயந்த சாபம்

நம்மில் வயதானவர்களுக்கு இளம்பிள்ளை வாதம் தெரியும். ஓடியாடிய குழந்தைக்கு இரண்டு நாள் ஜுரம். மூன்றாம் நாள் கால் விழுந்துவிடும். முன்ஜென்மப் பாவம் என்றார்கள். அது ஒரு கிருமி, அசுத்தத் தண்ணீர் மூலமும் அழுக்குக் கை மூலமும் வருவது என்று விஞ்ஞானம் சொன்னது. 1995 முதல் நாடெங்கும் ஒரே நாளில் சொட்டு மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் ஒரு குழந்தை. 2014 மார்ச் 27ந் தேதி இந்தியாவில் இந்த நோய் ஒழிந்ததென்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் சான்று கிடைத்தது. ஜனங்களின் பாவமெல்லாம் 2011ல் தீர்ந்துவிட்டதா? இரண்டு சொட்டு மருந்துக்குப் பயந்து ஓடிய சாபம் என்ன சாபம்?

ருபெல்லா என்று ஓர் அம்மை உண்டு. பெரியவர்களுக்கு இரண்டு மூன்று நாள் லேசான தடிப்பு, அவ்வளவுதான். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாய்க்கு வந்தால் குழந்தைக்குக் கண் புரை, காது கேளாமை, இருதயக் கோளாறு வரலாம். 1941ல் ஆஸ்திரேலியாவில் நார்மன் கிரெக் என்ற கண் டாக்டர், கண் புரையோடு வந்த குழந்தைகளின் தாய்மார்களை விசாரித்து இதைக் கண்டுபிடித்தார். அவர் தாய்மார்களைத் திட்டவில்லை, கேட்டார். கேட்டதால் காரணம் கிடைத்தது. இன்று அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று, ஒன்றரை வயதில் ஒன்று, இலவசம். ஆனால் 2017ல் தமிழ்நாட்டில் அந்த ஊசி போட வந்தபோது, "பிள்ளைக்கு ஆபத்து" என்று கைபேசியில் வதந்தி பரப்பினார்கள். பல பெற்றோர் பயந்துபோனார்கள். பழைய கோடாங்கி உடுக்கையோடு வந்தான். புதுக் கோடாங்கி கைபேசிக்குள் வருகிறான்.

சாபத்துக்குப் பின்னால் ஒளிந்தது யார்?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். கேரளத்தில் காசர்கோடு மாவட்டம். அங்கே முந்திரித் தோட்டங்கள். ஆயிரக்கணக்கான ஹெக்டேர். சர்க்காருக்குச் சொந்தமான தோட்டக் கழகம், 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000ம் ஆண்டு வரை, எண்டோசல்பான் என்ற பூச்சி மருந்தை ஹெலிகாப்டரிலிருந்து தெளித்தது. தோட்டத்துக்கு நடுவே வீடுகள், மூடாத கிணறுகள், ஓடைகள். அங்கே இருந்தவர்கள் யார்? நம்மைப்போன்ற கூலி ஜனங்கள்.

1970களின் கடைசியிலேயே கைகால் வளைந்த கன்றுக்குட்டிகள் பிறந்தன. பிறகு குழந்தைகள். தலை பெருத்த குழந்தை, தோல் வெடித்த குழந்தை, வயது வந்தும் எழுந்து உட்கார முடியாத குழந்தை. ஊரில் பலர் என்ன நம்பினார்கள் தெரியுமா? ஜடாதாரி தெய்வத்தின் கோபம் என்று நம்பினார்கள். பூஜை செய்தார்கள், பரிகாரம் செய்தார்கள். தலைக்குமேலே ஹெலிகாப்டர் பறந்துகொண்டே இருந்தது!

கன்றுக்குட்டி முன்ஜென்மத்தில் என்ன பாவம் செய்தது, தோழர்களே? இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் அப்போதே விழித்திருக்கலாம். ஊர் டாக்டர் மோகன்குமார் ஒரே சின்னக் கிராமத்தில் இத்தனை நோயாளிகளா என்று கணக்கெடுத்து எழுதினார். விவசாய இலாகாவில் வேலை பார்த்த லீலாகுமாரி அம்மா 1998ல் வழக்குப் போட்டு, ஹெலிகாப்டரில் தெளிப்பதற்குத் தடை வாங்கினார். இந்திய ஜனநாயக வாலிபர் சங்கம் தொடுத்த வழக்கில் 2011 மே 13ந் தேதி சுப்ரீம் கோர்ட் எண்டோசல்பானுக்கு நாடு முழுவதும் தடை விதித்தது. 2017 ஜனவரியில், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் 5 லட்சம் ரூபாய் மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டுமென்று உத்தரவிட்டது. 2022லும் கொடுத்து முடிக்காததற்காகக் கேரள சர்க்காரை அதே கோர்ட் கண்டிக்க வேண்டி வந்தது. ஆட்சியில் யார் இருந்தாலும் கேட்டால்தான் கிடைக்கும் என்பதற்கு இதுவும் பாடம்.

சாபம் என்ற வார்த்தை யாரைக் காப்பாற்றிற்று? குழந்தையையா? தாயையா? மருந்து விற்றவனையும் தெளிக்கச் சொன்னவனையும் காப்பாற்றிற்று. சாபம் என்று சொன்னால் விசாரணை கிடையாது. நஷ்டஈடு கிடையாது. தெய்வத்தின்மேல் யார் வழக்குப் போடுவது?

இந்த வித்தை நமக்குப் புதிதல்ல. தஞ்சைப் பண்ணையாளுக்குச் சாட்டையடியும் சாணிப்பாலும் தலைவிதி என்றுதான் மிராசுதார் சொன்னார். செங்கொடியைப் பிடித்து நின்றோம். 1952ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அத்தனை தலைமுறையாக மாறாத தலைவிதி, ஜனங்கள் ஒன்றுசேர்ந்ததும் எங்கே போயிற்று? அதே தலைவிதியைத் தொட்டில் குழந்தையின் நெற்றியில் மட்டும் நாமே எழுதலாமா?

நம் வழக்கத்தையும் கேட்போம்

எல்லாப் பழியையும் முதலாளிமேல் போட்டுவிட்டு நாம் தப்பிக்கவும் முடியாது. நமக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. அக்காள் மகளைத் தாய்மாமன் கட்டுவது, அத்தை மகளைக் கட்டுவது. "சொந்தம் விட்டுப்போகக் கூடாது" என்கிறோம். சில நோய்க்கூறுகள் ஒரு குடும்பத்து இரத்தத்தில் வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கும். தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் ஒரே கூறு வந்து சேர்ந்தால்தான் குழந்தையிடம் வெளிப்படும். நூறு குழந்தை பிறந்தால் பொதுவாக மூன்று ஏதோ ஒரு பிறவிக் குறையோடு பிறக்கின்றன. அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தில் அது ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. மாமன், அக்காள் மகள் உறவு அதைவிட நெருக்கம். ஏற்கெனவே கட்டிக்கொண்டவர்கள் பயப்பட வேண்டாம். பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே பிறக்கின்றன. இனிமேல் பிள்ளைகளுக்கு முடிவு செய்யும்போது யோசிக்கலாமல்லவா?

காரணத்தைத் தடுக்க முடியாத குறைகளும் உண்டு. சில குழந்தைகளுக்கு அறிவு மெதுவாக வளரும், முகம் ஒருவிதமாக இருக்கும். டவுன் நோய்க்குறி என்பார்கள். உடலின் அணுக்களில் 46 இழைகளுக்குப் பதிலாக 47 இருப்பதுதான் காரணமென்று 1959ல் பிரான்ஸ் நாட்டு டாக்டர் ஜெரோம் லெஜ்யூன் உலகுக்கு அறிவித்தார். அந்த ஓர் இழை கூடியதில் தாயின் குற்றமும் இல்லை, தகப்பனின் குற்றமும் இல்லை. அந்தக் குழந்தை நம்முடைய குழந்தை. மற்றக் குழந்தையைப்போல அதற்கும் பாடம், விளையாட்டு, பந்தியில் ஓர் இலை வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

பேசிவிட்டுக் கலைந்து போனால் பிரயோஜனமில்லை. ஆகவே சில காரியங்களைச் சொல்கிறோம்.

குழந்தை பிறந்தவுடன் அழவில்லை, உடம்பு மிகவும் மஞ்சளாயிற்று, கால் வளைந்திருக்கிறது, சத்தத்துக்குத் திரும்பவில்லை என்றால் அன்றே சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். குழந்தைகளின் குறைகளை ஆரம்பத்திலேயே கண்டறிந்து இலவசமாகச் சிகிச்சை தர 2013 முதல் ஒரு திட்டம் இருக்கிறது. மாவட்டத் தலைநகர் ஆஸ்பத்திரியில் அதற்கென்று நிலையம் கேளுங்கள். பிளந்த உதட்டைச் சில மாதத்திலேயே தைத்துவிடலாம். காது கேளாத குழந்தைக்கு ஆறு வயதுக்கு முன் காதுக்குள் கருவி பொருத்தத் தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வழியிருக்கிறது. காது கேட்காததால்தான் பேச்சு வரவில்லை. "தானே பேசும், பொறு" என்று வருஷத்தைக் கழிக்காதீர்கள்.

கல்யாணமான பெண்கள், கர்ப்பம் தரிக்க நினைக்கும்போதே கிராம நர்ஸிடம் போலிக் அமில மாத்திரை கேட்டுச் சாப்பிடுங்கள். குழந்தையின் முதுகுத் தண்டு கருவின் முதல் நாலு வாரத்தில் மூடிக்கொள்கிறது. தெரிந்த பிறகு சாப்பிடுவது தாமதம். கர்ப்பிணியைப் பூச்சி மருந்து தெளிக்கும் வயலில் இறக்க எந்தக் கங்காணி சொன்னாலும் சங்கம் குறுக்கே நிற்க வேண்டும். கிரகணத்தன்று கர்ப்பிணிக்குச் சோறும் தண்ணீரும் மறுக்காதீர்கள். பட்டினி போடுவதுதான் குழந்தைக்குக் கெடுதல்.

ஊரில் நொண்டி, செவிடு, ஊமை என்று கூப்பிடுவதை நிறுத்துங்கள். அந்தக் குழந்தைக்குப் பெயர் இருக்கிறது. 2016ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை ஊனங்களை அங்கீகரிக்கிறது. பொது இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் ஆறு மாதத்திலிருந்து ஐந்து வருஷம் வரை சிறை. நாற்பது சதவிகிதமும் அதற்கு மேலும் ஊனமுள்ள குழந்தைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. அடையாள அட்டை வாங்காத குடும்பங்களின் பட்டியலைக் கிளைகள் எடுக்க வேண்டும். நாமே கூட்டிப்போய் வாங்கித் தர வேண்டும்.

கடைசியாக ஆண்களுக்கு ஒரு வார்த்தை. ஆலை வாசலில் முதலாளியைத் தைரியமாகக் கேள்வி கேட்கிறோம். வீட்டு வாசலில் தாய் பேச்சுக்குப் பயந்து, பெற்ற மனைவியையும் பிள்ளையையும் பஸ் ஏற்றிவிடுகிறோம். இது என்ன வீரம்? நாம் சொன்ன அந்தத் தோழர் இன்று இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். மனைவியைத் தாய்வீட்டிலிருந்து அவரே போய் அழைத்துவந்தார். "என் கதையைச் சொல்லுங்கள், பெயரை மட்டும் விட்டுவிடுங்கள்" என்றார். அவருடைய தாயாரும் வந்திருக்கிறார். பேத்தியைப் பள்ளிக்கூடத்துக்குக் கைபிடித்துக் கூட்டிப் போவது இப்போது அந்த அம்மாள்தான்.

இங்கிருந்து வீட்டுக்குப் போனதும், உங்கள் தெருவில் கதவுக்குப் பின்னால் வைத்திருக்கிற குழந்தை யார் என்று எண்ணிப் பாருங்கள். நாளைக் காலையில் அந்தக் கதவைத் தட்டுங்கள். துணிப்பெட்டிக்கு அடியில் ஏதாவது சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். படிக்கத் தெரிந்தவர்கள் படித்துக் காட்டுங்கள்.